பணம், மண், பேர், நிலம்: ஊர்க் கண்மாய்க்காகக் குழு சேர்க்கிறவர்களுக்கு

எங்கள் குழு ஆரம்பித்து மூன்றாவது மாதம். கண்மாய்க்குள் ஜேசிபி மண் அள்ளிக்கொண்டிருந்தது. காலையில் டீக்கடைக்குப் போன எங்கள் ஆள் ஒருவரிடம், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் சாதாரணமாகக் கேட்டார்: "என்னப்பா, இதுவரைக்கும் எத்தனை லோடு வித்திருக்கீங்க?"

ஒரு லோடுகூட விற்கவில்லை. ஆனால் அதைக் காட்ட எங்களிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. எந்த டிராக்டர் எத்தனை நடை போனது, யார் வயலுக்குப் போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அந்தக் கேள்வி ஊரைச் சுற்றிவிட்டு இரண்டே நாளில் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குள்ளும் வந்துவிட்டது. இந்த முறை கேட்டவர் எங்களோடு மண்வெட்டி பிடித்தவர். அடுத்த ஞாயிறு பாதிப்பேர்தான் வந்தார்கள்.

நான் பார்த்தவரை இந்த மாதிரிக் குழுக்களில் "உனக்குத் தண்ணீர்மேல் அக்கறை இல்லை" என்று யாரும் யாரையும் சந்தேகப்படுவதில்லை. சந்தேகம் வருவது நாலு இடத்தில்: பணம், மண், பேர், நிலம். புதிதாகக் குழு சேர்க்கிறவர்கள் ஒற்றுமையைப் பற்றிப் பேசுவதைவிட, இந்த நாலையும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பதற்கு முதல் வருடத்தைச் செலவழிக்கலாம். மதுரை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் ஊரில் ஏரி, குளம், ஏந்தல், தாங்கல் என்று பெயர் மாறும், சண்டை மாறாது.

முதலில் நடங்கள்

முதல் இரண்டு மூன்று வாரம் மண்வெட்டி வீட்டிலேயே இருக்கட்டும். தண்ணீர் வருகிற வழியில் நடந்து பாருங்கள். மேல்கண்மாயின் கலுங்கில் (நிறைந்த தண்ணீர் வழிகிற இடம்) ஆரம்பித்து, வரத்துக்கால் (தண்ணீர் கொண்டுவருகிற கால்வாய்) வழியாக உங்கள் கண்மாய்க்கு வந்து, கரைமேல் ஏறி, ஒவ்வொரு மடையையும் பார்த்து, உங்கள் கலுங்கு வழியாக இறங்கி, மறுகால் (வழிந்த தண்ணீர் ஓடுகிற கால்வாய்) போய்ச் சேருகிற கீழ்க்கண்மாய் வரைக்கும். நம் பக்கத்துக் கண்மாய்கள் சங்கிலியாக இருப்பவை. நடுவில் ஒரு கண்ணியை மட்டும் ஆழப்படுத்திவிட்டு, வரத்துக்காலில் முள் மண்டிக் கிடந்தால் மழைக்காலத்தில் வெறும் பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இந்த நடையில் யார் வருகிறார்கள் என்பது முக்கியம். கல்லூரிப் பையன்கள் மட்டும் செல்ஃபி எடுத்துக்கொண்டு போனால் அது சுற்றுலா. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் பிரிக்கிற நீர்பாய்ச்சி கட்டாயம் வர வேண்டும். தெற்கே மடைக்குடும்பன், வடக்கே நீர்க்கட்டி என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்வார்கள். ஆடு மேய்க்கிறவர், மீன்பாசிக் குத்தகை (மீன் பிடிக்கிற உரிமை) எடுத்தவர், கடைசி மடையில் நிலம் வைத்திருப்பவர், உள்வாயில் (கரைக்கு உள்பக்கம், தண்ணீர் ஏறி நிற்கிற ஓரம்) பட்டா வைத்திருப்பவர் என்று ஆளுக்கு ஒருவரையாவது அழைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நடையில் கலுங்குக்கு வந்ததும், அதன்மேல் இன்னும் ஒரு வரிசை கல் வைத்தால் தண்ணீர் கூட நிற்குமே என்று ஒரு தம்பி ஆர்வமாகச் சொன்னான். நீர்பாய்ச்சி பெரியவர் சிரித்தார். "ஒரு கல்லு கூடுனா உள்வாய்க்காரன் வயல் முங்கும், கீழ்க்கண்மாய்க்காரன் கடப்பாரையோட வருவான்." பத்து வருடம் கழித்து வந்திருக்க வேண்டிய ஒரு சண்டை அன்றைக்கு அங்கேயே முடிந்தது.

நடக்கும்போதே ஒரு கேள்விக்குப் பதில் தேடி வையுங்கள்: இந்தக் கண்மாய் யாருடையது? தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறுகிற நிலம்) உள்ளவை நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். நீர்வளத்துறை என்றால் உதவிப் பொறியாளரையும், ஒன்றியம் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரையும் போய்ப் பாருங்கள். இருவர் மூவராகப் போங்கள். ஒருவர் மட்டும் போய்ப் பேசிவிட்டு வந்தால் "உள்ளே என்ன பேசினானோ" என்ற கேள்வி அன்றைக்கே பிறந்துவிடும்.

யார் வரவில்லை என்று பாருங்கள்

கூட்டத்தை எங்கே வைப்பீர்கள்? கோயில் மண்டபம் வசதியாகத்தான் இருக்கும். ஊரில் சிலர் அதன் படி ஏற மாட்டார்கள், அல்லது ஏற விடமாட்டார்கள். ஒரு தெருக்காரர் வீட்டுத் திண்ணையில் வைத்தால் இன்னொரு தெரு வராது. பள்ளிக்கூட வராந்தா அல்லது கரைமேல் இருக்கிற மரத்தடிதான் எங்களுக்குச் சரிப்பட்டது. டீ எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் வர வேண்டும். சின்ன விஷயமாகத் தெரியலாம். சேரியிலிருந்து வந்த ஒருவர் ஒருமுறை காகிதக் கப்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் கையில் கண்ணாடி கிளாஸைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கிளாஸ் போதாமல் போனதுதான் காரணம். அதை அவரிடம் போய் விளக்க முடியுமா?

நீர்பாய்ச்சிகள் பெரும்பாலும் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கண்மாயைப் பற்றி அதிகம் தெரிந்தவர்களும் அவர்கள்தான். ஆனால் கூட்டத்தில் ஓரமாக நிற்பதும் அவர்களாகவே இருக்கும். அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: மடை, கலுங்கு, வரத்துக்கால் பற்றிய பேச்சு எதுவானாலும் முதலில் நீர்பாய்ச்சி பேசுவார், பொறியியல் படித்த தம்பிகள் அப்புறம் பேசுவார்கள். ஆரம்பத்தில் அவருக்கே கூச்சமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன்னார்வம் என்பது ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கிறவர்களுக்கு எளிது. அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு ஒருநாள் இலவச வேலை என்பது ஒருநாள் சாப்பாடு. அவருடைய திறமை தேவைப்படுகிற நாளில் கூலி கொடுங்கள். கொடுத்ததைக் கணக்கில் எல்லோரும் பார்க்க எழுதுங்கள். "அவருக்கு மட்டும் ஏன்?" என்று யாராவது கேட்டால், அதைக் கூட்டத்திலேயே கேட்கச் சொல்லி அங்கேயே பதில் சொல்லுங்கள்.

பழைய குடிமராமத்தில், அதாவது ஊர்க்காரர்களே கண்மாயைப் பழுதுபார்த்த வழக்கத்தில், ஊரே ஒன்றாகத் திரண்டது என்று உருகிப் பேசுகிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் ஒருவராவது இருப்பார். உருகட்டும். ஆனால் 1858இலேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட வேண்டியிருந்தது. வழக்கமான மராமத்து வேலைக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்க அது வழி செய்தது. எல்லோரும் மனமுவந்து வந்திருந்தால் அப்படி ஒரு சட்டத்துக்கு வேலையே இருந்திருக்காது. கரையில் யார் மண் சுமந்தார்கள், யார் குடைபிடித்து நின்றார்கள் என்பதும் ஊருக்குள் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த நினைவைத் தெரிந்துகொள்ளாமல் "வாங்க, எல்லாரும் ஒண்ணா வேலை செய்வோம்" என்று கூப்பிட்டால் சிலர் ஏன் வரவில்லை என்பது உங்களுக்குக் கடைசிவரை புரியாது.

நூறு நாள் வேலை என்று ஊரில் சொல்கிற அரசு ஊரக வேலைக்குப் போகிற பெண்களிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இயந்திரம் வந்தால் தங்கள் வேலை போய்விடும் என்று அவர்கள் நினைப்பதில் தப்பில்லை. எந்தப் பகுதி அவர்கள் வேலைக்கு விடப்படுகிறது, எதை நாம் எடுக்கிறோம் என்பதை ஊராட்சித் தலைவரையும் வைத்துக்கொண்டு தெளிவாக்குங்கள். கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைத்துவிட்டு "பெண்கள் வருவதே இல்லை" என்று குறைப்படாதீர்கள்.

ஒரே காலையில் முடிகிற வேலை

முதல் வேலை சின்னதாக இருக்கட்டும். மடை வாயில் அடைத்திருக்கிற குப்பையை எடுப்பது, கலுங்கின்மேல் முளைத்த செடிகளை வெட்டுவது, கரையோரம் கிடக்கிற பாட்டில்களைப் பொறுக்குவது. காலை ஏழு முதல் ஒன்பது வரை என்று சொன்னால் ஏழுக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று பதினொன்று வரை இழுத்தால் அடுத்த வாரம் அந்த வீட்டுக்காரம்மாவே ஆளை விடமாட்டார்.

சீமைக்கருவேலத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் உத்தரவிட்ட பிறகு எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கோபமும் வந்துவிட்டது. ஆனால் அந்த மரத்துக்கு விலை இருக்கிறது. விறகாகவும் கரியாகவும் போகும். கண்மாய்க்குள் நிற்கிற மரம் ஏலத்துக்கு வர வேண்டிய சொத்து. அனுமதி இல்லாமல் வெட்டி ஓரமாகக் குவித்த மரம் ராத்திரியோடு காணாமல் போனால் பழி உங்கள் தலையில். அதற்கான எழுத்து வேலையை முடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்துத் தொடுங்கள். வெட்டப் போகிற நாளில் ரப்பர் செருப்போடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புங்கள். அந்த முள் செருப்பைத் தாண்டி ஏறும்.

பணம்

முதல் மூன்று மாதம் பணமே வாங்காதீர்கள். நன்கொடை தர வருகிறவரிடம், "அண்ணே, பங்க்கில் நீங்களே டீசலுக்குப் பணம் கட்டிவிடுங்கள்", "ஜேசிபி ஓனருக்கு நேராகக் கொடுத்துவிடுங்கள், ரசீதை மட்டும் எங்களுக்கு அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். பணம் உங்கள் கையைத் தொடாமல் வேலை நடக்கும். யார் என்ன கொடுத்தார்கள் என்பதும் தெளிவாக இருக்கும்.

குழு நிலைத்துவிடும் என்று தெரிந்த பிறகு பதிவு செய்யுங்கள். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம். வங்கிக் கணக்குக்கு மூன்று பேர் பெயரைக் கொடுத்து, எந்த இருவர் கையெழுத்திட்டாலும் பணம் எடுக்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மூவரும் மூன்று தெரு, மூன்று குடும்பம், முடிந்தால் மூன்று கட்சிக்காரர்களாக இருக்கட்டும். அண்ணன், தம்பி, மச்சான் என்று போட்டுவிட்டு நம்புங்கள் என்றால் யார் நம்புவார்?

தனிப்பட்ட ஒருவரின் ஜிபே எண்ணில் நன்கொடை வாங்கவே கூடாது. "கணக்கு திறக்கிறவரைக்கும் என் நம்பருக்குப் போடுங்க" என்று நல்ல மனதோடு சொல்வார்கள். அந்தப் பணம் அவருடைய சம்பளத்தோடும் பால் பாக்கியோடும் கலந்துவிடும். நாலு மாதம் கழித்து அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. நேர்மையான மனிதர்கள் கெட்ட பெயர் வாங்குவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இயந்திரச் செலவுதான் பெரிய செலவு, அதனால் பெரிய சந்தேகமும் அங்கேதான். ஜேசிபியிலும், ஊரில் ஹிட்டாச்சி என்று சொல்கிற பெரிய இயந்திரத்திலும் மணிக்கணக்கு காட்டுகிற மீட்டர் இருக்கும். காலையில் சாவி போட்டதும் அந்த மீட்டரை ஒரு படம், நிறுத்தும்போது ஒரு படம். இரண்டையும் அன்றைக்கே குழுவில் போடுங்கள். இயந்திரம் ஓடுகிற நேரம் முழுக்கக் குழுவிலிருந்து ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். டயர் பஞ்சராகி நின்ற நேரத்தையும் அவர் குறிக்க வேண்டும். ஓட்டுநர் பேட்டா, சாப்பாடு, டீ எல்லாம் கணக்கில் ஏறட்டும். "டீச்செலவையெல்லாமா எழுதணும்?" என்று கேட்கிறவர்தான் பிற்பாடு டீச்செலவைப் பற்றி முதலில் பேசுவார்.

கணக்கு அன்றன்று இரவு. மாதக் கடைசியில் மொத்தமாகப் போடுகிற கணக்கை யாரும் படிப்பதில்லை. படிப்பவர் தப்பு கண்டுபிடிக்கத்தான் படிப்பார். எங்கள் பொருளாளருக்கு ஒருமுறை ஆயிரத்து நானூறு ரூபாய் இடித்தது. நல்ல மனிதர். சத்தமில்லாமல் தன் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டப் பார்த்தார். வேண்டாம் என்று தடுத்து, இடிக்கிறது என்று அப்படியே எழுதச் சொன்னோம். இரண்டு நாளில் ஒருவர் வந்து, மண்வெட்டிப் பிடி வாங்கிய பில் தன் சட்டைப் பையில் இருப்பதாகச் சொன்னார். பொருளாளர் தன் பணத்தைப் போட்டிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். ஆனால் அடுத்த முறை உபரி வந்தாலும் அவரே எடுத்துக்கொள்வார் என்று யாராவது நினைக்க இடம் கொடுத்திருக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் பணம் அனுப்ப ஆசைப்படுவார்கள். இந்தியக் குடியுரிமையோடு துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிறவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அவரே சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு உள்துறை அமைச்சகத்தின் தனி அனுமதி இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. "நம்ம மாமா பையன்தானே" என்பது சட்டத்துக்குத் தெரியாது. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சமே வேண்டாம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறித்தவை. குடவோலைத் தேர்தலைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவோம். எனக்கு அதில் பிடித்தது வேறு ஒரு விதி. ஏரி வாரியம் முதலான வாரியங்களில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் முடியாது. அந்தச் சபையில் யார் யாருக்கு இடமே இல்லாமல் இருந்தது என்பது தனிக்கதை. ஆனாலும் ஏரியைப் பார்த்துக்கொள்கிறவர் கணக்குக் காட்ட வேண்டும் என்று ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நாம் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடச் சோம்பல்படுகிறோம்.

மண்

டீக்கடைப் பெரியவரின் கேள்வி இந்த இடத்துக்கானது. வண்டல் என்பது விவசாயிக்கு உரம், செங்கல் சூளைக்குச் சரக்கு, வீடு கட்டுகிறவருக்குக் கொட்டுமண். அதனால் கண்மாயிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு டிராக்டரையும் ஊர் எண்ணும். நீங்கள் அவர்களுக்கு முன்னால் எண்ணி வைக்க வேண்டும்.

முதலில் அனுமதி. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024இல் அரசு விதியை எளிதாக்கியது. மாவட்ட அரசிதழில் உங்கள் கண்மாய் இருக்கிறதா என்று பார்த்து, விவசாயியே தன் நில ஆவணத்தோடு விண்ணப்பிக்கட்டும். குழு நடுவில் நின்று வாங்கித் தருகிற வேலை வேண்டாம்.

வாயில் ஒன்றுதான் இருக்க வேண்டும். கண்மாய்க்குள் நாலு பக்கமும் வண்டி இறங்கினால் எந்த நோட்டும் உதவாது. அந்த ஒரு வாயிலில் ஒரு மேசை, ஒரு நோட்டு, எண் போட்ட டோக்கன். வண்டி எண், நேரம், யார் வயல், எத்தனையாவது நடை. அளவை யூனிட்டில் எழுதுங்கள். 100 கன அடி ஒரு யூனிட். டிராக்டருக்கு டிராக்டர் பெட்டி மாறுவதால் முதல் நாளே ஒவ்வொரு பெட்டியையும் டேப் பிடித்து அளந்து வைப்பது நல்லது. நோட்டின் பக்கத்தை மாலையில் படம் எடுத்து குழுவில் போடுவதோடு, ஊராட்சி அலுவலகச் சுவரிலோ டீக்கடையிலோ ஒட்டுங்கள். சந்தேகம் டீக்கடையில்தானே பிறந்தது.

யாருக்கு முதலில்? உங்கள் கரைக்கு. கரை இளைத்துக் கிடக்கும்போது மண் வெளியே போனால் பார்க்கிறவர் வயிறு எரியும். அப்புறம் சிறு விவசாயிகள், கடைமடைக்காரர்கள். குழு உறுப்பினர்களின் வயல் கடைசி. இந்த விதியை நாங்கள் தாமதமாகத்தான் போட்டோம். அதற்குள் எங்கள் செயலாளர் வயலுக்கு ஆறு நடை போயிருந்தது. அனுமதி எல்லாம் முறைப்படி இருந்தது. ஆனால் ஊர் பார்த்தது அந்த ஆறு நடையைத்தான்.

எவ்வளவு தோண்டுவது என்பதையும் பொறியாளர் குறித்துக் கொடுக்க வேண்டும், நீர்பாய்ச்சி பக்கத்தில் நிற்க வேண்டும். கரையை ஒட்டித் தோண்டினால் கரை வலு இழக்கும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மோட்டார்தான் போட வேண்டும். ஆடுமாடுகளுக்கும் மீனுக்கும் ஓரிடத்தில் அப்படிப் பள்ளம் வேண்டும் என்று ஊர் முடிவு செய்தால் அது வேறு. களிமண் அடுக்கைத் தாண்டி மணலைத் தொட்டுவிட்டால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். ஆழமாகத் தோண்டுவதுதான் நல்ல வேலை என்று நினைக்கிற இளைஞர்களிடம் இதை முதல்நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், பொறியாளர் "போதும்" என்று நிறுத்துகிற நாளில் அவர் யாரிடமோ பணம் வாங்கிவிட்டார் என்று பேச்சு வரும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, அடுத்த வருடம் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி இளைஞர்கள் தங்கள் பெரியகுளத்தைத் தூர்வார இறங்கினார்கள். 500 ஏக்கருக்கு மேல் பரப்புள்ள குளம். நல்ல முன்மாதிரி. ஆனால் உங்கள் முதல் வருடக் கனவை அந்த அளவில் வைத்துக்கொள்ள வேண்டாம்; ஒரு வரத்துக்காலைச் சுத்தமாக முடித்தாலே போதும்.

பேர்

ஃபிளக்ஸ் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் அதில் யார் முகமும் வேண்டாம். கண்மாயின் படம் போதும். ஒரு முகம் வந்தால் அதன் அளவு, வலமா இடமா, யார் பேருக்கு முன்னால் என்ன பட்டம் என்று ஒரு வாரம் ஓடும்.

தொலைக்காட்சிக்காரர்கள் வந்தால் ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் பேசட்டும். பொன்னாடை போர்த்த யாராவது வந்தால் அன்று வேலைக்கு வந்தவர்களில் மூத்தவருக்குப் போர்த்தச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம், கட்சிச் செய்தி, ஜோசியம் மூன்றும் வேண்டாம். நிர்வாகிகள் மூன்று பேராவது இருக்கட்டும். கோபமான பதிவுக்குக் குழுவில் பதில் எழுதாமல், அன்று மாலையே இருவர் அவர் வீட்டுக்குப் போய்வருவது எங்களுக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. எழுத்தில் "ஏன் வரவில்லை?" என்பது அதட்டலாகக் கேட்கும். வீட்டு வாசலில் "ஏன் மாமா வரல?" என்றால் அது நலம் விசாரிப்பு.

தேர்தல் ஒன்று இருக்கிறது. கண்மாய் வேலையில் நாலுபேருக்குத் தெரிந்த முகம் ஆனவருக்கு வார்டு உறுப்பினராக நிற்கும் ஆசை வருவது இயல்பு, தப்பும் இல்லை. நிற்கிறவர் ஆறு மாதம் முன்னாலேயே பொறுப்பிலிருந்து விலகிவிட வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். யாருக்கும் அந்த எண்ணம் இல்லாதபோது போடுகிற விதி யாரையும் புண்படுத்தாது.

நிலம்

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். வரத்துக்காலை அளந்தால் முதலில் தட்டுப்படுவது குழுவில் இருக்கிற யாரோ ஒருவரின் சித்தப்பா வரப்பாகத்தான் இருக்கும்.

ஆவணத்தில் ஆரம்பியுங்கள். கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்), அ-பதிவேடு (எந்த நிலம் என்ன வகை என்ற வருவாய்த்துறைப் பதிவு) மூன்றையும் எடுத்து, எந்த சர்வே எண் நீர்நிலைப் புறம்போக்கு என்று எல்லோரும் உட்கார்ந்து பாருங்கள். கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அளப்பது அரசு சர்வேயர் வேலை. நாம் கயிறு பிடித்து அளக்கவோ கல் ஊன்றவோ கூடாது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் அளந்து எல்லை குறிக்கவும் அகற்றவும் அதிகாரத்தை அலுவலர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது.

அளந்து முடிந்ததும், குழுவினரின் சொந்தக்காரர்கள் யாருடையது உள்ளே வருகிறதோ அதிலிருந்து பேச ஆரம்பியுங்கள். எங்களில் ஒருவர் தன் சொந்த வரப்பையே இரண்டு முழம் உள்ளே இழுத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் மற்றவர்களிடம் போய் நிற்க முகம் இருந்தது. ஏழைகள் குடிசை போட்டிருக்கிற இடமும், பணக்காரர் தென்னந்தோப்பு வைத்திருக்கிற இடமும் ஒரே பட்டியலில் வரலாம். குடிசையை முதலில் காட்டிக்கொடுத்துவிட்டுத் தோப்பைப் பற்றி வாய் திறக்காத குழுவை ஊர் ஒருநாளும் மன்னிக்காது. மாற்று இடம் கேட்டுக் குடிசைக்காரர்களோடு நிற்பதும் உங்கள் வேலையாகிவிடும்.

மனு எழுதினால் ஒருவர் பெயரில் எழுதாதீர்கள். 2019இல் கரூர் மாவட்டத்தில் குளத்து ஆக்கிரமிப்பை எதிர்த்து நின்ற தந்தையும் மகனும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தைரியசாலி ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் இருப்பது ஒரு குழு தன் ஆளுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய துரோகம். மனுவில் இருபது கையெழுத்து இருக்கட்டும். கூடவே கிராம சபையில் தீர்மானமாகவும் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபைகள் இருக்கின்றன. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் கண்மாயைப் பற்றிப் பேச யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

மேலூரும் கீழூரும்

உங்கள் குழு நன்றாக நடக்க ஆரம்பித்ததும் பக்கத்து ஊர் உங்களைச் சந்தேகப்படும். தண்ணீரை எல்லாம் நீங்களே நிறுத்திக்கொள்ளப் போகிறீர்கள் என்று கீழ்க்கண்மாய்க்காரர்கள் நினைப்பார்கள். மழைக்கு முன்னால் ஒரு ஞாயிறு அவர்கள் கண்மாயின் வரத்துக்காலில் போய் வேலை செய்துவிட்டு வாருங்கள். அந்தக் கால் உங்கள் மறுகால்தான். கலுங்கின்மேல் யாரும் மணல்மூட்டை வைக்கக் கூடாது என்று இரண்டு ஊரும் சேர்ந்து பேசிக்கொள்ளுங்கள். மழை பெய்கிற இரவில் கலுங்கைப் பார்க்க இரண்டு ஊரிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் போனால் விடியும்போது வதந்தி இருக்காது.

மீன்பாசிக் குத்தகைக்காரருக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், விவசாயிக்கு மடை திறக்க வேண்டும். இதில் குழு தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். இருவரையும் ஒரே மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு டீ வாங்கக் கிளம்பிவிடுங்கள்.

வருடம் முடியும்போது

ஒரு வருடம் ஆனதும் பொருளாளரை மாற்றுங்கள். அவர் நன்றாகச் செய்தார் என்பதற்காகவே மாற்ற வேண்டும். தப்பு நடந்த பிறகு மாற்றினால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும். எல்லோர் முன்னாலும் கைமாற்றுங்கள்: பாஸ்புக், காசோலைப் புத்தகம், ரசீதுக் கட்டு, டோக்கன் நோட்டு, இயந்திர மணிக்கணக்கு, புலப்பட நகல்கள், மண்வெட்டிகளின் எண்ணிக்கை, வாட்ஸ்அப் நிர்வாகப் பொறுப்பு. இன்ன இன்னது பெற்றுக்கொண்டேன் என்று புதியவர் கையெழுத்திட்டு, அந்தத் தாளையும் படம் எடுத்துப் போட்டுவிடுங்கள். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பழைய பொருளாளர் மண்வெட்டியோடு கரைக்கு வந்து நின்றால் கைமாற்றம் நன்றாக நடந்திருக்கிறது. வரவில்லை என்றால் அன்று மாலை இருவர் அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள்.